ராக்கெட் மேனின் தாய் யார்? பந்தயக் குதிரையின் வம்சாவளியைத் தேடிப் படிக்கும் முறை

சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்து முடிந்த பிறகும், பழைய ரேஸ் புத்தகங்களைத் தூக்கிப்போட மனமில்லாமல் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. அவற்றில் குதிரையின் பெயரோடு சிறிய எழுத்தில் தந்தையின் பெயரும் தாயின் பெயரும் அச்சாகியிருக்கும். தேடலை அந்த இரண்டு பெயர்களிலிருந்து தொடங்க வேண்டும்.

சிங்கப்பூரில் ஓடிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்து இங்கு இறக்குமதியானவை என்பதால், அவற்றின் பிறப்புப் பதிவு அந்தந்த நாட்டின் ஸ்டட் புக் எனப்படும் வம்சாவளிப் பதிவேட்டில்தான் இருக்கும். ஆஸ்திரேலிய ஸ்டட் புக்கை இணையத்திலேயே தேடலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அங்கே ஒரு பெயரில் ஓடிய குதிரை இங்கே வந்ததும் வேறு பெயர் பெறுவது சாதாரணமாக நடந்ததால், பெயரை மட்டும் நம்பக் கூடாது. தந்தை, தாய், பிறந்த ஆண்டு, பால், நிறம் ஆகிய ஐந்தும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எல்லாக் குதிரைகளுக்கும் ஆகஸ்ட் 1ஆம் தேதியும் வடகோளத்தில் ஜனவரி 1ஆம் தேதியும் வயது கூடுகிறது என்பதை மறந்தால், கணக்கு ஓர் ஆண்டு பிசகிவிடும். நிறமும் கைகொடுக்கும்: குட்டி சாம்பல் நிறமென்றால் பெற்றோரில் ஒன்றாவது சாம்பலாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் நீங்கள் வேறு குதிரையின் பதிவைப் பார்க்கிறீர்கள்.

ஐந்து தலைமுறை அட்டவணையில் மொத்தம் 62 பெயர்கள் இருக்கும். மேல்பாதி தந்தை வழி, கீழ்பாதி தாய் வழி. அடிவரிசையில் ஓடுவது தாய், தாயின் தாய், அவள் தாய் என்று செல்லும் பெண்வழி. நம் குடும்பங்களில் தந்தை வழியில் பங்காளி முறை எண்ணுவோம். குதிரை வளர்ப்பவர்களோ தாய் ஒன்றாக இருந்தால் மட்டுமே சகோதரம் என்கிறார்கள். ஒரு பொலிக்குதிரைக்கு ஒரே ஆண்டில் நூற்றுக்கு மேல் குட்டிகள் பிறக்கலாம், பெட்டைக்கோ ஆண்டுக்கு ஒன்றுதான் என்பதே இதற்குக் காரணம்.

ராக்கெட் மேனை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் பிறந்து, சிங்கப்பூரில் ஓடி, 2011இல் துபாய் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தை வென்ற குதிரை அது. தந்தை வைகவுன்ட், அதன் தந்தை குவெஸ்ட் ஃபார் ஃபேம், 1990இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை வென்றது, அதற்கும் மேலே ரெயின்போ குவெஸ்ட், பிளஷிங் குரூம். மேல்வரிசையை மட்டும் படித்தவர், இந்தக் குதிரை ஏறக்குறைய 2400 மீட்டர் ஓடும் டெர்பி வகை என்று நினைத்திருப்பார். ராக்கெட் மேனோ 1200 மீட்டரில் உலகை வென்றது. அதனால்தான் கண்ணைக் கீழே இறக்கி, தாய் மக்ரோசாவையும் தாயின் தந்தையான நியூசிலாந்துக் குதிரை மக்கின்டியையும் பார்க்க வேண்டும் என்கிறேன். பிறகு மக்ரோசாவின் மற்றக் குட்டிகள் எந்தத் தூரத்தில் வென்றன என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் விடை கிடைக்கும் இடம் அதுவே.

விற்பனைப் பட்டியல்களில் தடித்த பெரிய எழுத்தில் உள்ள பெயர் உயர்தரப் பந்தயத்தில் வென்ற குதிரையையும், தடித்த சிறிய எழுத்து அத்தகைய பந்தயத்தில் இரண்டாம் அல்லது மூன்றாம் இடத்தைப் பிடித்த குதிரையையும் குறிக்கும். முதல் இரண்டு தலைமுறைப் பெண்களின் பத்தியில் தடித்த எழுத்து அடர்ந்திருந்தால் அது நல்ல குடும்பம். நான்காம் தலைமுறையில்தான் தென்படுகிறது என்றால் நான் பெரிதாக மதிப்பதில்லை.

ஒரே மூதாதை இரு புறமும் வந்தால், மூன்றுக்கு நான்கு என்பது போல எழுதுவார்கள்; ஒரு பக்கம் மூன்றாம் தலைமுறையிலும் மறுபக்கம் நான்காம் தலைமுறையிலும் அது நிற்கிறது என்று பொருள். குட்டியின் இரத்தத்தில் அந்த மூதாதையின் பங்கு சராசரியாக 12.5, 6.25 சேர்ந்து 18.75 விழுக்காடு. ஆண்வழி, பந்தயக் குதிரை இனத்தின் மூலக் குதிரைகளில் ஒன்றான டார்லி அரேபியனில் போய் முடிகிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் வியக்க வேண்டாம். தரோபிரெட் எனப்படும் இன்றைய பந்தயக் குதிரை இனத்தின் ஆண்வழிகளில் மிகப் பெரும்பாலானவை அங்கேதான் முடிகின்றன.

ராக்கெட் மேன் காயடிக்கப்பட்ட குதிரை என்பதால் அதற்கு வாரிசு இல்லை. அந்த இரத்தம் எங்கே தொடர்கிறது என்று அறிய விரும்புபவர், ஸ்டட் புக்கில் மக்ரோசாவின் பெயரைத் தட்டி, அதன் பெண்குட்டிகள் யாவை என்று பார்க்க வேண்டும்.