ஆஞ்சலா அகியின் ‘தெகமி’: கீபோர்டு வாசித்தபடியே பாடப் பழகலாம்

ஆஞ்சலா அகி, பியானோ முன் உட்கார்ந்து தானே வாசித்துத் தானே பாடும் ஜப்பானியப் பாடகி. 2006 டிசம்பரில் டோக்கியோவின் நிப்பான் புதொகன் அரங்கில், ஒரே ஒரு பியானோவை வைத்துக்கொண்டு முழுக் கச்சேரியும் செய்தவர். 2008 செப்டம்பரில் வெளிவந்த அவருடைய சிங்கிள், அதாவது தனிப்பாட்டு வெளியீடுதான் ‘தெகமி ~ ஹைகே ஜூகொ நொ கிமி எ’. ஜப்பானியப் பாட்டு ஒன்றைப் பாட ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

படி 1: கடிதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

தெகமி என்றால் கடிதம். ‘ஹைகே’ என்பது முறைப்படி எழுதும் கடிதத்தின் முதல் சொல், நம் ‘அன்புடையீர், வணக்கம்’ போல. ‘கிமி’யோ நெருக்கமானவரை அழைக்கும் ‘நீ’. பதினைந்து வயது உனக்கு எழுதுகிறேன் என்று தலைப்பே பேசுகிறது. பதின்ம வயதில் தன் எதிர்காலத்துக்கு ஆஞ்சலா எழுதி வைத்த கடிதத்தை, முப்பதாவது பிறந்தநாளில் அம்மா அனுப்பிவைத்தார். பாட்டு பிறந்தது அங்கே. முதலில் பதினைந்து வயதுப் பிள்ளை தன் கவலையைக் கேட்கிறது. பிறகு வளர்ந்தவர் பதில் எழுதுகிறார். 2008-இல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் பள்ளி இசைப் போட்டியில் நடுநிலைப் பள்ளிப் பிரிவு சேர்ந்திசைக்கும் இதுவே பாட்டு.

படி 2: கைதட்டி எண்ணுங்கள்

இதில் அவசரம் வேண்டாம், இரண்டு மூன்று நாள் ஆகட்டும். ஜப்பானிய மொழியில் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு தட்டு. நமக்கு இது புதிதல்ல: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. தெ-க-மி மூன்று தட்டு. ஜூ இரண்டு, கொ ஒன்று. ‘கோ’ என்று இழுத்தால் தாளம் தப்பிவிடும். ‘எ’யும் குறில்தான்.

‘ஹைகே’யில்தான் நம் நாக்கு ஏமாற்றும். தமிழில் சொல்லின் முதலில் வரும் ஐகாரம் ஒன்றரை மாத்திரையாகக் குறுகும் என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கே அப்படிக் குறுக்கக் கூடாது. ஹ-இ-கெ-எ என்று முழுசாக நான்கு தட்டு. தலைப்பு முழுவதற்கும் பதினான்கு. எண்ணிப் பாருங்கள், சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: கைக்குப் பயிற்சி

கார்டு என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது. இது பாட்டின் அசல் கார்டு வரிசை அல்ல. பேலட் என்னும் மெதுவான, உணர்ச்சியான பாட்டு வாசிக்கக் கை பழகுவதற்கான வரிசை: சி, ஜி, ஏ மைனர், ஈ மைனர், எஃப், சி, எஃப், ஜி. இடது கை அந்தந்தக் கார்டின் பெயருள்ள ஒரே கட்டையைத் தொடட்டும். வலது கை மூன்று கட்டைகள்.

கார்டுக்குக் கார்டு கையைத் தூக்கித் தாவ வேண்டியதில்லை. சி-ஈ-ஜி பிடித்திருக்கிறீர்கள். ஜி அப்படியே இருக்கட்டும். மற்ற இரண்டு விரல்களும் ஒரு வெள்ளைக் கட்டை கீழே இறங்கினால் பி-டி-ஜி, அதாவது ஜி கார்டு (முழுப் பெயர் ஜி மேஜர்). அதேபோல் ஈ மைனரை ஜி-பி-ஈ என்று பிடித்திருந்தால், மூன்று விரலும் ஒவ்வொரு வெள்ளைக் கட்டை மேலே ஏற எஃப் வந்துவிடும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 60-இல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வைத்து, கார்டுக்கு நான்கு எண்ணிக்கை.

ஒலியை நீட்டும் கால்மிதியான பெடல் இருந்தால்: புதுக் கார்டை அழுத்தும் அதே கணத்தில் காலைத் தூக்கி, அது ஒலித்த பிறகு மறுபடி மிதியுங்கள். முன்னதாகவே மிதித்தால் இரண்டு கார்டும் கலந்து குழம்பும்.

படி 4: குரலைச் சேருங்கள்

முதலில் சொல் வேண்டாம், அசல் பாட்டைப் போட்டுக் கூடவே முனகுங்கள். மெட்டு மனதில் பதிந்ததும் அசல் கார்டுகளோடு ஒவ்வொரு வரியாகச் சேர்க்கலாம். பிள்ளை கேட்கும் பகுதிக்கு வலது கை மட்டும் போதும், மெதுவாக. பதில் தொடங்கும் இடத்தில் இடது கையைச் சேருங்கள். அந்த அழுத்தமான ஒற்றைச் சுரம் நுழையும்போது பாட்டுக்கு வயது கூடுவதை நீங்களே கேட்பீர்கள். கடைசிக் கார்டில் பெடலை விடாதீர்கள். ஒலி தானாக அடங்கும் வரை கையும் கட்டையிலேயே இருக்கட்டும்.