திருவிழா அறிவித்தலை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்

தோட்டத்துக் கோயிலின் திருவிழா அறிவித்தலைத் தாமே கணினியில் வடிவமைத்து, ஹட்டனிலோ பண்டாரவளையிலோ அச்சிடக் கொடுப்போர், முதலில் தாளின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஏ5 தாள் 148 மில்லிமீற்றர் அகலமும் 210 மில்லிமீற்றர் உயரமும் உடையது. பின்னணி நிறம் விளிம்புவரை செல்லுமானால், நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூட்டி, 154க்கு 216 என்ற அளவில் வடிவமைப்பது அவசியம். ‘பிளீட்’ எனப்படும் இந்த மிகுதி இல்லாவிட்டால், வெட்டும் கத்தி மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும்.

படங்கள் அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படம் பெரும்பாலும் சுருங்கியே வருவதால், அதை ‘டொகியுமன்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். நிறங்களை, அச்சின் நான்கு மைகளைக் கொண்ட சிஎம்வைகே முறைக்கு மாற்றிப் பார்த்தால், திரையில் பளிச்சிடும் பச்சை தாளில் எவ்வளவு மங்கும் என்பது முன்கூட்டியே தெரியும்.

ஆனால் நம்மவர்களை அதிகம் அலைக்கழிப்பது எழுத்துருதான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒருமுறை திறந்தபோது, ‘அருள்மிகு’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமே நின்றன. அதனால், கோரல்ட்ரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் எழுத்துகளைத் தெரிவுசெய்து, கொன்ட்ரோல், கியூ விசைகளைச் சேர்த்து அழுத்தி, அவற்றை வடிவங்களாக மாற்றிய பின்னரே பிடிஎப் எடுக்க வேண்டும். மாற்றிய எழுத்துகளைத் தட்டச்சிட்டுத் திருத்த முடியாது என்பதால், மூலக் கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். உபயகாரர் பெயரில் பிழை கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும்.