கன்னியாவின் ஏழு கிணறும் ஒரு சராசரியும்: சி மொழியில் முதல் செய்நிரல்

திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றில் குளித்தவர்களுக்குத் தெரியும், கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும். அந்த ஏழு வெப்பநிலையையும் வாங்கிச் சராசரி சொல்லும் செய்நிரல் ஒன்றை எழுதுவோம். பொறியியல் முதல் வருடத்தில் தடுமாற வைக்கும் மாறி (variable), அணி (array), மடக்கு (loop), வகுத்தல் நான்கும் இதற்குள் வந்துவிடும்.

விண்டோஸ் என்றால், செய்நிரல் எழுதி ஓட்டும் கோட் பிளாக்ஸ் (Code::Blocks) போதும். இறக்கும்போது பெயரில் 'மிங்டபிள்யூ' (mingw) உள்ள கோப்பையே எடுங்கள். மற்றதில் கம்பைலர், அதாவது செய்நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கருவி, இல்லை. எழுதலாம், ஓடாது, டேட்டாவும் வீண். டர்போ சி என்ற பழைய கம்பைலரை யார் பென்டிரைவில் தந்தாலும் வாங்காதீர்கள். அதில் இன்ட் (int) எனும் நிறைவெண் வகை 16 பிட்தான், 32767ஐத் தாண்டினால் விடை மறையாகிவிடும்.

முதலில் கொப்பியில் போடுங்கள். உதாரணத்துக்கு 38, 39, 40, 37, 41, 39, 38. கூட்டினால் 272, ஏழால் வகுத்தால் 38.857. கையில் விடை இருந்தால்தான் கணினி உளறுவது பிடிபடும்.

ஏழு இடமுள்ள இன்ட் அணி, கூட்டுத்தொகைக்கு ஓர் இன்ட் மாறி. கூட்டுத்தொகைக்குத் தொடக்கத்திலேயே 0 கொடுங்கள். விட்டால் நினைவகத்தில் கிடந்த குப்பையோடு சேர்த்துக் கூட்டும். ஃபார் (for) மடக்கு 0இல் தொடங்கி, 7ஐ விடக் குறைவாக உள்ளவரை ஓடவேண்டும். 'குறைவு அல்லது சமன்' என்று போட்டால் எட்டாம் கிணற்றைத் தேடிப் போகும். சி தடுக்காது. சிலவேளை சரியான விடைபோலவே காட்டும், அதுதான் வில்லங்கம்.

விசைப்பலகையில் தட்டுவதை வாசிக்கும் ஸ்கேன்எஃபில் (scanf) மாறிக்கு முன்னால் & கட்டாயம். இல்லாவிட்டால் மாறிக்குள் கிடக்கும் எண்ணையே முகவரியாக நினைத்து எழுதப்போய், செய்நிரல் பாதியில் விழும். கம்பைலர் செட்டிங்ஸில் 'வால்' (-Wall) என்ற தெரிவுக்குச் சரி போட்டு வைத்தால் ஓடமுன்பே எச்சரிக்கும்.

இனி வகுத்தல். கூட்டுத்தொகையை 7ஆல் வகுத்து, தசம எண்ணுக்கான ஃப்ளோட் (float) மாறியில் போட்டு அச்சிட்டால் 38.000000 வரும். அநேகர் ஃப்ளோட்டைச் சந்தேகித்து, அதைவிடத் துல்லியமான டபுளாக (double) மாற்றிப் பார்ப்பார்கள், அப்போதும் அதேதான். பிழை சமன் குறிக்கு வலப்பக்கத்தில் இருக்கிறது. இன்ட்டை இன்ட்டால் வகுத்தால் சி தசமத்தை வெட்டிவிடும், மட்டந்தட்டுவதுகூட இல்லை. முதலில் 38 ஆகி, பிறகுதான் ஃப்ளோட்டுக்குள் போகிறது. 7ஐ 7.0 என்று எழுதுங்கள், 38.857143 வரும். ஃபாரன்ஹைட்டைச் செல்சியஸாக்கும் பயிற்சியிலும் 5/9ஐ முன்னால் எழுதினால் இதே கதை. 5/9 சிக்கு 0, எனவே எல்லா விடையும் 0.

பின்சேர்க்கை: 38.5 என்று கொடுத்ததும் மற்றக் கிணறுகளுக்கு நிற்காமலே ஓடி முடிகிறதா? நிறைவெண் வாசிக்கும் ஸ்கேன்எஃப் 38ஐ எடுத்துக்கொண்டு '.5'ஐ விட்டுவிடும், அடுத்த தடவை அந்தப் புள்ளியில் முட்டும், அதற்கடுத்த தடவையும் அப்படியே. அணியையும் கூட்டுத்தொகையையும் ஃப்ளோட்டாக்குங்கள். கையோடு ஸ்கேன்எஃபில் சதவீதக் குறிக்குப் பின்னால் உள்ள 'டி'யை 'எஃப்' ஆக்குங்கள். அதை மறந்தால், 38 என்று கொடுத்தாலும் பெரும்பாலும் ஏழு கிணறும் 0.000000க்குக் குளிர்ந்துவிடும்.