பறக்கும் தட்டுக்குள் டேப் வைத்து அளக்காதீர்கள்

பழைய டிவி தொடர்களின் விண்கலங்களை வரைய உட்காருகிறவர்கள், அட்டையில் மாடல் செய்கிறவர்கள் எல்லாரும் முதலில் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கலத்தின் உள்ளளவையும் வெளியளவையும் பொருத்திப் பார்க்கிறார்கள்.

1965இல் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் தொடங்கிய ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ தொடரில் வரும் ஜூபிடர் 2 விண்கலம் இதற்கு நல்ல உதாரணம். தொடருக்கு முன் சோதனையாக எடுத்த பைலட் படத்தில் அதன் பெயர் ஜெமினி 12, அதில் இருந்தது ஒரே தளம். தொடராக வந்தபோது அடியில் இன்னொரு தளம் முளைத்தது: படுக்கையறைகள், சமையலிடம், ஆய்வுக்கூடம், மேலே போக லிஃப்ட். போதாக்குறைக்கு மூன்றாம் சீசனில் ஒரு குட்டி விண்கலமும் உள்ளிருந்து கிளம்பியது. வெளியே பார்த்தால் அதே சப்பைத் தட்டு! நானும் ஒருமுறை கட்டம் போட்ட தாளில் குறுக்குவெட்டு வரைந்து பார்த்தேன். கீழ்த்தளத்தில் ஆள் நிமிர்ந்து நின்றால் தலை மேல்தளத்துக்குள் போய்விடுகிறது.

இது வடிவமைத்தவரின் கணக்குப் பிழை அல்ல. பறக்கிற காட்சிக்கு ஒரு மாடல், தரையில் நிற்கிற காட்சிக்குப் பெரிய வெளிச்சுவர் செட், நடிகர்களுக்குத் தனியாக உள்ளரங்கம் என்று தனித்தனியாகச் செய்தவை அவை. மாடல் ஒல்லியாக இருந்தால்தான் அழகு. உள்ளரங்கம் தாராளமாக இருந்தால்தான் கேமரா நகர இடம் கிடைக்கும். மூன்றையும் ஒன்றாக்கி மாடல் செய்கிறவர் எங்காவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். நானாக இருந்தால் வெளித்தோற்றத்தில் கைவைக்க மாட்டேன்.

அடுத்தது, தட்டு என்றாலே வேற்றுக்கிரகவாசி என்று முடிவு கட்டுவது. ஜூபிடர் 2இல் போவதே பூமியைச் சேர்ந்த குடும்பம்தான். 1956இல் எம்ஜிஎம் ஸ்டுடியோ எடுத்த ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்தின் தட்டும் மனிதர்களுடையது. தனித்தனிக் கதைகளாக வந்த ‘ட்விலைட் ஸோன்’ டிவி தொடர் எம்ஜிஎம் வளாகத்திலேயே படமானதால் அந்தத் தட்டு அதில் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. 1961இல் வந்த அதன் ‘தி இன்வேடர்ஸ்’ அத்தியாயத்தில், தனியாக வாழும் ஒரு பெண்ணின் வீட்டுக் கூரையில் சின்னஞ்சிறு தட்டு ஒன்று இறங்கும். அதிலிருந்து வரும் குட்டி உருவங்களோடு அவள் மல்லுக்கட்டி, கடைசியில் தட்டைக் கோடாலியால் கொத்தும்போது அதன் பக்கவாட்டில் அமெரிக்க விமானப்படையின் பெயர் தெரியும். (அறுபது வருடம் ஆயிற்று, முடிவைச் சொன்னால் குற்றமில்லை.) அந்தக் குட்டி உருவங்கள்தான் மனிதர்கள், அவள்தான் வேற்றுக்கிரகவாசி. நாம் இந்தத் தவறைச் செய்வோம் என்று நம்பியே எழுதிய கதை அது. 1967இல் இதே பெயரில் வந்த தனித் தொடரோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. அதில் வருவது நிஜமாகவே அந்நியர்களின் தட்டு.

‘1947இல் கென்னத் ஆர்னால்ட் பார்த்ததைத்தான் டிவி காப்பியடித்தது’ என்பதும் அரைகுறைதான். ரெய்னியர் மலைப்பக்கம் ஒன்பது பொருட்களைக் கண்ட அந்த விமானி, தட்டை உவமையாகச் சொன்னது அவை பறந்த விதத்துக்கு. குளத்தில் ஓட்டாஞ்சில்லை விட்டெறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோல. பத்திரிகைகள் அதை வடிவமாக்கிவிட்டன, செட் போடுகிறவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

1970இல் பிரிட்டனில் வந்த ‘யூஎஃப்ஓ’ தொடரின் தட்டை அசையாமல் மிதப்பதாக வரைவதும் சரியல்ல. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் டெரெக் மெடிங்ஸின் குழு செய்த அது பம்பரம்போலச் சுழன்றுகொண்டே வரும், கூடவே ஒரு விர்ர் ஓசையும் கேட்கும். சுழற்சி போனால் அது சும்மா ஒரு கிண்ணம்.

கடைசியாக, தட்டு ஆடுகிறது, கம்பி தெரிகிறது என்று சிரிப்பது. 1964இல் பிரிட்டிஷ் தொடரான ‘டாக்டர் ஹூ’வில், டாலெக் என்ற வேற்றுக்கிரக எதிரிகள் லண்டன் மேல் பறந்துவந்த தட்டு ஆடத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது கருப்பு-வெள்ளைச் சின்னத் திரையில் சில நொடி வந்து போவதற்காகச் செய்தது, நம் அகலத்திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்கு அல்ல. பின்னால் வந்த டிவிடியில் அந்தக் காட்சிகளுக்குப் பதிலாகக் கணினியில் செய்த தட்டைப் பார்க்கவும் வசதி கொடுத்தார்கள். வழவழவென்று பறக்கிறது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நான் பழையதற்கே மாற்றிக்கொண்டேன்.