ஸ்வாப் நிரம்பியிருக்கிறதா, ஓடிக்கொண்டிருக்கிறதா? லினக்ஸ் கணினி திணறும்போது செய்யக்கூடாத தவறுகள்

மவுஸ் சுட்டி நின்று நின்று நகர்கிறது. தட்டச்சு செய்த எழுத்து அரை நிமிடம் கழித்துத் திரையில் வருகிறது. ஹார்ட் டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை. ரேம் போதாமல், லினக்ஸின் மையமான கர்னல் மெமரிப் பக்கங்களை, அதாவது சிறு தரவுத் துண்டுகளை, டிஸ்கில் ஒதுக்கிய ‘ஸ்வாப்’ இடத்துக்கு அனுப்புவதும், உடனே திரும்ப எடுப்பதுமாக அல்லாடுகிறது என்று சந்தேகிக்க இவை போதும். ஆனால் சந்தேகம் வந்தவுடன் பலர் தவறான எண்ணைப் பார்த்துவிட்டுத் தவறான மருந்தைத் தேடுகிறார்கள்.

முதல் தவறு, மெமரி நிலவரத்தைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளையை இயக்கி, ஸ்வாப்பில் 2 ஜிபி பயன்பாட்டில் இருப்பதைக் கண்டதும் முடிவுகட்டிவிடுவது. காலையில் திறந்து மறந்துபோன ஒரு செயலியின் பக்கங்களைக் கர்னல் ஸ்வாப்புக்கு அனுப்பி வைத்திருந்தால் அது நல்ல நிர்வாகம். பரணில் பாத்திரம் இருப்பதில் குற்றமில்லை. நிமிடத்துக்கு நிமிடம் ஏணி போட்டு ஏறி இறங்க வேண்டியிருந்தால்தான் சமையல் நிற்கும். ஆகவே பார்க்க வேண்டியது இருப்பை அல்ல, போக்குவரத்தை.

அதற்கு ‘விஎம்ஸ்டாட் 1’ கட்டளை இருக்கிறது. நொடிக்கு ஒரு வரி அச்சிடும். ‘எஸ்ஓ’ நெடுவரிசை ஸ்வாப்புக்குப் போவதையும், ‘எஸ்ஐ’ திரும்பி வருவதையும் காட்டும். முதல் வரியைப் பார்த்து அஞ்சக்கூடாது. அது கணினி துவங்கியதிலிருந்தான சராசரி. அடுத்த வரிகளில் இரண்டுமே விடாமல் பெரிய எண்களாக வந்து, ‘டபிள்யூஏ’ எனும் டிஸ்குக்கான காத்திருப்பு நேரமும் ஏறினால் நோய் உறுதி. என் கணிப்பில் ‘எஸ்ஐ’தான் முக்கியம், ஏனெனில் நீங்கள் காத்திருப்பது திரும்பி வரும் பக்கத்துக்காக. அது பூஜ்யத்திலேயே நின்றால், வேகக் குறைவுக்கு ஸ்வாப் காரணமல்ல. பழுதாகும் டிஸ்கையோ சூடேறிய பிராசசரையோ சோதியுங்கள்.

கர்னல் 4.20 முதல் இன்னொரு அருமையான அளவுகோலும் உண்டு. ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘ப்ரஷர்’ என்ற இடத்தில் ‘மெமரி’ என்றொரு கோப்பு இருக்கிறது. அதன் ‘ஃபுல்’ வரியில் ‘ஏவிஜி10’ மதிப்பு 20 என்றால், கடந்த 10 நொடிகளில் ஏறக்குறைய 2 நொடிகள் எந்த வேலையும் நகராமல் எல்லாமே மெமரிக்காக நின்றன என்று பொருள். உங்கள் தவிப்பை நேரடியாக எண்ணாகச் சொல்வது இதுதான்.

‘ஃப்ரீ’ வெளியீட்டில் அதே பெயருள்ள நெடுவரிசை சிறிதாக இருப்பதைக் கண்டு பதறுவதும் வழக்கம். பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’. வேறு வேலையில்லாத ரேமைக் கோப்புகளுக்கான கேஷாக, அதாவது படித்தவற்றின் தற்காலிக நகலாகக் கர்னல் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். அந்த கேஷைக் கட்டளை போட்டுத் துடைப்பதால், படித்த கோப்புகளையே டிஸ்கிலிருந்து மீண்டும் படிக்க நேரும்.

குற்றவாளியைத் தேடும்போதுதான் அதிகம் வழிதவறுகிறோம். இயங்கும் செயலிகளைப் பட்டியலிடும் ‘டாப்’ திரையில் ‘விஐஆர்டி’ பெரிதாக இருப்பதைக் கண்டு ஒரு செயலியைக் கொல்வது வீண். அது முன்பதிவு செய்த முகவரி இடம், உண்மையான பயன்பாடு அல்ல. ‘ஆர்ஈஎஸ்’ ரேமில் இருப்பதை மட்டுமே காட்டும். ஸ்வாப்புக்குப் போனதைக் காண ‘எஃப்’ விசையை அழுத்தி ‘ஸ்வாப்’ நெடுவரிசையைச் சேர்க்க வேண்டும். பிரவுசர்கள் பல பிராசஸ்களாக, அதாவது தனித்தனி இயக்கங்களாகப் பிரிந்து இயங்குவதால் ஒவ்வொன்றும் சிறிதாகத் தெரிந்து பட்டியலின் உச்சிக்கு வராமல் தப்பிவிடும். ஃபயர்ஃபாக்சில் ‘அபவுட்:ப்ராசஸஸ்’ பக்கமும், குரோமில் ஷிப்ட்-எஸ்கேப் விசைகளும் எந்த டேப் விழுங்குகிறது என்று காட்டும்.

எல்லாச் செயலிகளையும் மூடியும் மெமரி திரும்பவில்லையா? ‘டிஎம்பி’ அடைவைப் பாருங்கள். ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் அது ரேமிலேயே இருக்கும் கோப்பு முறைமை. அங்கே போட்ட பெரிய வீடியோ கோப்பு ரேமையும் ஸ்வாப்பையும் தின்னும். எந்த பிராசசின் கணக்கிலும் ஏறாது. ‘ஃப்ரீ’ வெளியீட்டின் ‘ஷேர்ட்’ நெடுவரிசை அசாதாரணமாகப் பெருத்திருப்பது அதற்கான தடயம்.

ஸ்வாப்பையே அணைத்துவிடும் யோசனையை நான் வன்மையாக மறுக்கிறேன். செயலிகளின் தரவுக்கு வெளியேற இடமில்லாதபோது, கர்னல் நிரல்களின் குறிமுறைப் பக்கங்களை வெளியேற்றி, அடுத்த கணமே டிஸ்கிலிருந்து மீண்டும் படிக்கும். ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ இரண்டும் பூஜ்யம், டிஸ்கிலிருந்து படிப்பதைக் காட்டும் ‘பிஐ’ மட்டும் எகிறும், திரை அதேபோல் உறையும். திணறலின் நடுவே அணைத்தால் ஸ்வாப்பில் உள்ளவை அனைத்தும் ரேமுக்குத் திரும்பியாக வேண்டும். இடம் போதாவிட்டால் திணறல் இன்னும் மோசமாகும்.

கர்னல் ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ‘ஸ்வாப்பினஸ்’ மதிப்பை 60இலிருந்து 10ஆக்கும் அறிவுரையையும் கண்மூடி ஏற்க வேண்டாம். 2020இல் வந்த ஃபெடோரா 33 முதல் அங்கே ஸ்வாப் இயல்பாகவே ‘இசட்ரேம்’, அதாவது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இடம். அதற்கு உயர்ந்த மதிப்பே பொருந்தும். ‘ஸ்வாப்ஆன்’ கட்டளை உங்கள் ஸ்வாப் எங்கே இருக்கிறது என்று சொல்லும். அதைப் பார்க்காமல் எந்த எண்ணையும் மாற்றாதீர்கள்.

உறைந்தவுடன் பவர் பொத்தானை அழுத்தினால் இந்தத் தடயங்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். முன்கூட்டியே ‘விஎம்ஸ்டாட்’ வெளியீட்டை நேரக் குறியோடு ஒரு கோப்பில் சேமித்து வாருங்கள். வழக்கமான வேலையிலேயே ‘எஸ்ஐ’ ஓயவில்லை, எந்தச் செயலியும் வரம்பு மீறவில்லை என்று அந்தக் கோப்பு காட்டினால், அப்போது கூடுதல் ரேம் வாங்குங்கள்.