ஒரே படம், இரண்டு நிறம்: காமா கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு படம் எடிட்டரில் ஒரு மாதிரியும் பிரவுசரில் வேறு மாதிரியும் தெரிந்தால், உடனே பிரைட்னஸில் கைவைக்காதீர்கள். கோளாறு கோப்பிலா, அதைக் காட்டும் விதத்திலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. எண்களை ஒப்பிடுங்கள்

எடிட்டரில் உள்ள மூலக் கோப்பு, பிரவுசரில் தெரியும் கோப்பு இரண்டையும் ஜிம்ப் என்ற இலவச எடிட்டரில் திறங்கள். கலர் புரொஃபைலை (கோப்பின் எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்று சொல்லும் குறிப்பு) மாற்றவா என்று கேட்டால் 'கீப்' கொடுங்கள். கலர் பிக்கரால் இரண்டிலும் ஒரே இடத்தைத் தொட்டு, 0 முதல் 255 வரையிலான அளவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜேபெக் என்றால் ஓரிரு எண் வித்தியாசம் சகஜம்தான், அதை விட்டுவிடலாம்.

2. எண்கள் ஒன்றாகவே இருந்தால்

அப்போது சந்தேகம் புரொஃபைல் மேல். அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிறவெளியில் சேமித்த படத்திலிருந்து புரொஃபைல் கழன்றுவிட்டால், பெரும்பாலான மென்பொருள்கள் அதை வெப்பில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். நிறங்கள் சோகை பிடித்துத் தெரியும். இமேஜ் மெனுவில் கலர் மேனேஜ்மென்டுக்குள் போய், முதலில் 'அசைன்' மூலம் அடோபி ஆர்ஜிபியைக் கொடுங்கள். அப்புறம் எஸ்ஆர்ஜிபிக்கு 'கன்வர்ட்' செய்யுங்கள். அசைன் எண்களைத் தொடாது, கன்வர்ட் எண்களை மாற்றும். வரிசை மாறினால் வேலை கெட்டது.

3. எண்கள் வேறாக இருந்தால்

இங்கேதான் காமா, அதாவது வெளிச்சத்தை எண்ணாக மாற்றும் வளைவு, வருகிறது. எஸ்ஆர்ஜிபியில் 128 என்பது பாதி வெளிச்சம் அல்ல; உண்மையில் 21.6 சதவீதம்தான். இருட்டுப் பகுதியின் நுணுக்கங்களுக்கு அதிக எண்கள் கிடைக்கட்டும் என்று அப்படி வளைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வளைவு எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க ஒரு சாம்பல் கட்டம் போதும். மூன்று நிறத்துக்கும் 128 கொடுத்து நிரப்பி, பிஎன்ஜியாகச் சேமித்து, உங்கள் ஸ்கிரிப்ட் வழியாகவோ எக்ஸ்போர்ட் வழியாகவோ அனுப்புங்கள்.

55 ஆக வெளியே வந்தால், எங்கோ காமாவை நீக்கி லீனியராக்கிவிட்டு (எண்ணை வெளிச்சத்துக்கு நேர் விகிதமாக்கிவிட்டு) திரும்பச் சேர்க்கவில்லை. படம் இருண்டு தெரியும். 188 ஆக வந்தால், ஏற்கெனவே காமா உள்ள படத்துக்கு இன்னொரு முறை காமா போட்டிருக்கிறார்கள். படம் வெளிறிவிடும். என் அனுபவத்தில் இந்த இரண்டாவதுதான் அடிக்கடி மாட்டுகிறது. படத்தைக் கையாளும் இரண்டு மென்பொருள் நூலகங்களும் 'நான்தான் செய்ய வேண்டும்' என்று நினைத்துக்கொள்கின்றன.

4. கருப்பு வெள்ளையையும் பாருங்கள்

காமா மட்டும் தவறினால் 0, 255 இரண்டும் அசையாது, நடுவில் உள்ளவைதான் நகரும். கருப்பு 16 ஆகவும் வெள்ளை 235 ஆகவும் மாறியிருந்தால் அது காமா அல்ல, வீடியோ ரேஞ்ச் (கருப்பை 16, வெள்ளையை 235 என்று வைக்கும் வீடியோ முறை) குழப்பம். வீடியோவிலிருந்து எடுத்த ஃபிரேம்களில் இதைப் பார்க்கலாம்.

சாம்பல் சரியாக இருந்து, முகங்கள் மட்டும் நீலமாகத் தெரிகிறதா? ஓப்பன்சிவி என்ற பட நூலகம் நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் படிக்கும். சேனல் வரிசையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.