கடல் முள்ளெலிப் புதைபடிவங்களில் வளர்ச்சிக் காலத்தைப் படிப்பது எப்படி?

முன்னோரிடம் ஓர் உறுப்பு வளர்ந்ததைவிடச் சந்ததியில் அது முன்னதாகவோ தாமதமாகவோ, வேகமாகவோ மெதுவாகவோ வளர்ந்தால் அதை ஹெட்டெரோகுரோனி என்கிறோம். இதைக் கற்கத் தொடங்குவோருக்கு, முட்கள் மூடிய ஓடுள்ள கடல் விலங்கான கடல் முள்ளெலியைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதன் வளர்ச்சி வரலாறு ஓட்டிலேயே பதிந்திருக்கிறது.

படி 1: ஓட்டைப் படியுங்கள். கால்சைட் எனும் கனிமத்தாலான தகடுகள் 20 நெடுவரிசைகளாக அடுக்கியிருக்கும். புதிய தகடுகள் உச்சியில் பிறந்து, பழையவற்றைக் கீழே தள்ளும். ஆகவே வாயருகே உள்ளவையே மூத்தவை.

படி 2: ஒரே பாறை அடுக்கில், ஒரே இனத்தில், சிறியது முதல் பெரியது வரை சேகரியுங்கள். பெரிய, அழகான மாதிரிகள் மட்டும் போதாது. சிறியவை எளிதில் நொறுங்கும், கண்ணுக்குத் தப்பும். மண்ணைச் சலித்துத் தேடுங்கள்.

படி 3: ஓட்டின் நீளம், உயரம், தகடுகளின் எண்ணிக்கை, ஆசனவாய் இருக்கும் இடம் ஆகியவற்றை அளந்து, நீளத்துக்கு எதிராக வரைபடம் போடுங்கள்.

படி 4: அப்புறம், மேலடுக்கில் உள்ள சந்ததி இனத்தையும் அப்படியே அளந்து ஒப்பிடுங்கள். வளர்ந்த சந்ததி, முன்னோரின் இளம் பருவத்தை ஒத்திருந்தால் அது பீடோமார்போசிஸ். முன்னோரின் முதிர்நிலையையும் தாண்டிப் போயிருந்தால் பெராமார்போசிஸ். ஒரே விலங்கில் ஒரு பண்பு இப்படியும் இன்னொன்று அப்படியும் போகலாம். அதனால் ஒவ்வொரு பண்பையும் தனியாகத் தீர்மானியுங்கள்.

மிகச் சிறந்த உதாரணம் சாண்ட் டாலர் எனும் தட்டையான கடல் முள்ளெலி. காசிடுலாய்டு எனும் வேறொரு கடல் முள்ளெலிக் குழுவின் குட்டிகளுக்கு 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' எனும் தாடை அமைப்பு உண்டு. வளர்ந்ததும் அது மறைந்துவிடும். சாண்ட் டாலர்களிலோ அது வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. அத்தகைய முன்னோரின் இளமைப் பண்பைச் சந்ததி தக்கவைத்துக்கொண்டது என்று 1990-இல் ஆய்வாளர் ரிச் மூயி விளக்கினார். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது: உடலில் புதிதாக ஓர் உறுப்பு தோன்றவில்லை, இருந்தது மறையாமல் நின்றது. அதுவே மணலில் இரையை நொறுக்கித் தின்னும் வாழ்க்கைக்கு உதவியது.

படி 5: சரி, சிறியதெல்லாம் குட்டியா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அளவு வேறு, வயது வேறு. உச்சியில் உள்ள இனப்பெருக்கத் துளைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இனப்பெருக்க முதிர்ச்சி வரும்போதுதான் அவை திறக்கும். துளை திறந்திருந்தால், எவ்வளவு சிறியதானாலும் அது முதிர்ந்த விலங்கு. சந்ததியில் அவை முன்னோரைவிடச் சிறிய அளவிலேயே திறந்திருந்தால், முதிர்ச்சி முன்கூட்டியே வந்திருக்கலாம். வளர்ச்சியே மெதுவாக நடந்திருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டையும் பிரித்தறிய, தகடுகளின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணிப் பாருங்கள்.